கவனம் என்று மட்டும்தான் சொன்னேன்

நான் எதையும் ஒரு தடவை பார்த்து நம்புகிற ஆள் இல்லை. மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்ப்பேன், மீனின் கண்ணைப் பார்ப்பேன், பிறகு விற்கிறவரின் கண்ணையும் பார்ப்பேன். வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த பிள்ளைகளின் விடைத்தாள்களைச் சேர்த்து வைத்துத்தான் திருத்துவேன். "வானத்திலேருந்து மலக்கு வந்து சலாம் சொன்னாலும் நீ அடையாள அட்டை கேப்ப" என்பார் என் கணவர். அவர் குறிஞ்சிப்பிட்டியில் படகு வைத்துக் கடலுக்குப் போகிறவர். நான் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். வழி காட்டாமல் விடை மட்டும் எழுதினால் புள்ளி கிடையாது என்று இருபது வருடமாகச் சொல்லிச் சொல்லி, அந்தக் குணம் எலும்பு வரைக்கும் இறங்கிவிட்டது.

பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. அந்தக் குணத்தால் ஒரு மனிதரின் நல்ல பேர் என் கையில் அகப்பட்டது. அது என்ன பாடுபட்டது என்பதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

புள்ளிப் பதிவு, ஆசிரியர் கூட்டம் எல்லாம் கணினிக்கு மாறிய பிறகு எனக்கும் ஒரு லெப்டொப் தேவைப்பட்டது. இருப்பதிலேயே மலிவானதைத்தான் வாங்கினேன். பதினொரு அங்குலத் திரை. ஒரு கிலோ சீனிப் பையின் பாரம். கைப்பையில் போட்டால் உள்ளே இருப்பதே தெரியாது. பெட்டியின் மேல் எழுதியிருந்த சிறப்புகளை ஒவ்வொன்றாக வாசித்து, ஒவ்வொன்றையும் சோதித்தேன். பற்றரி பத்து மணித்தியாலம் நிற்கும் என்று போட்டிருந்தது. திரையை மங்கலாக்கி, வைஃபையை நிறுத்தி, கிட்டப் போகாமல் இருந்தால் நிற்கும். நாங்கள் பாவித்தால் ஐந்தரை. விசைப்பலகையில் தண்ணீர் சிந்தினாலும் பரவாயில்லை என்று போட்டிருந்தது. அதை மட்டும் சோதிக்கவில்லை. கெமராவுக்கு மேல் சின்னதாக ஒரு மூடி இருந்தது, விரலால் தள்ளினால் கண்ணை மூடிக்கொள்ளும். முழுப் பெட்டியிலும் எனக்கு மனதாரப் பிடித்த ஒரே பொருள் அதுதான். வாங்கிய அன்றே மூடினேன். கூட்டங்களில் எல்லாருடைய முகமும் தெரியும், என்னுடைய இடத்தில் கறுப்பு.

மூன்று மாதத்தில் அதன் உண்மை முகம் தெரிந்தது. ஒரு புள்ளி அட்டவணையைத் திறந்துவிட்டுப் போய், தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தால் அது அப்போதுதான் திறந்து முடித்திருக்கும். இடம் போதாது, இடம் போதாது என்று ஒரு மஞ்சள் எழுத்து மூலையில் வந்துகொண்டேயிருந்தது. எதற்கு இடம் போதாது? நான் வைத்திருந்தது வினாத்தாள்களும் புள்ளிகளும் மட்டும்தான். விற்றவன் ஏதோ ஒளித்திருக்கிறான் என்று எனக்குப் பட்டது.

அப்போதுதான் அந்தக் கடைக்குப் போனேன். கற்பிட்டி வீதியில் ஒரு சின்ன அறை. நடத்துபவர் வன்னியிலிருந்து யுத்த காலத்தில் தாயோடு சின்னப் பிள்ளையாக வந்தவர். இப்போது முப்பத்தைந்து வயதிருக்கும். முன்பு வேறொருவர் கடையின் மாடிப்படிக்குக் கீழே இருந்து போன் திருத்தினார். அறை எடுத்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. ஒரு மேசை, ஒரு விளக்கு, ஒரு பெட்டி நிறையச் சின்னத் திருப்புளிகள். இவ்வளவும்தான் கடை. விளம்பரப் பலகை கூடக் கிடையாது. அவரிடம் கொடுத்தால் சரியாகச் செய்வார் என்று ஒருவர் சொல்லி மற்றவர் வருவார். அந்தப் பேச்சுத்தான் அவருக்கு மூலதனம்.

அவர் என் லெப்டொப்பின் அடிமூடியைக் கழற்றிக் காட்டினார். "டீச்சர், இதில ரெம் நாலு ஜிபி. அது பலகையோட ஈயம் வச்சு ஒட்டிக் கிடக்கு, கழட்டேலாது. சேமிக்கிற இடமும் அப்பிடித்தான், ஒட்டினது. ரெம் எண்டது வேலை செய்யிற மேசை மாதிரி. மற்றது அலுமாரி. உங்களுக்கு ரெண்டும் சின்னன்."

"அப்ப இத வீசுறதா?"

"இல்லை. இஞ்ச பாருங்கோ, ரெண்டு இடம் சும்மா கிடக்கு. இதில இன்னொரு நாலு ஜிபி ரெம் போடலாம். இதில ஒரு எஸ்எஸ்டி போடலாம். விண்டோஸ் பழைய இடத்திலேயே இருக்கட்டும். உங்கட சாமான் எல்லாத்தையும் புது அலுமாரிக்கு மாத்துவம்."

இரண்டு வெற்றிடங்களையும் உற்றுப் பார்த்தேன். பெட்டியில் ஏன் இதை எழுதவில்லை என்று கேட்டேன். எழுதினால் பெரிய லெப்டொப்பை யார் வாங்குவது என்று சிரித்தார். அந்தப் பதில் எனக்குப் பிடித்தது. அவரும் சந்தேகப்படத் தெரிந்தவர் என்று நினைத்தேன்.

அவர் வேலை செய்து முடிக்கும் வரை அங்கேயே நின்றேன். புதுச் சாமான்களின் இலக்கங்களைப் பற்றுச்சீட்டில் எழுத வைத்தேன். வீட்டுக்கு வந்ததும், அடிமூடியின் ஒவ்வொரு ஆணித் தலையிலும், பாடசாலையில் பிழை அழிக்கப் பாவிக்கும் வெள்ளை மையால் ஒரு பொட்டு வைத்தேன். யாராவது திறந்தால் பொட்டு உடையும். கணவர் பார்த்துவிட்டு, "புள்ளைக்குக் கண்ணூறு படாம பொட்டு வக்கிறியா" என்றார்.

லெப்டொப் பறந்தது. திரையில் எட்டு ஜிபி என்று காட்டியது. எதைத் தேடினாலும் உடனே வந்தது. ஆசிரியர் அறையில் அதைத் திறந்து வைத்துக்கொண்டு, கேட்டவர்களுக்கெல்லாம் கடையின் வழி சொன்னேன். அதிபரின் காதிலும் விழுந்தது. பாடசாலைக் கணினி அறையில் பன்னிரண்டு பழைய கணினிகள் தூசி பிடித்துக் கிடந்தன. அவற்றுக்கும் இப்படி ரெம்மும் எஸ்எஸ்டியும் போட்டால் இன்னும் சில வருடம் ஓடும், அவரிடமே கொடுக்கலாம் என்று அதிபர் சொன்னார். அது கிடைத்தால் அந்தச் சின்னக் கடை நிமிர்ந்துவிடும். பாடசாலை வேலை செய்தவர் என்றால் கற்பிட்டி முழுக்க நம்பும்.

ஒரு மாதம் கழித்து அவரிடமிருந்து அழைப்பு வந்தது. "டீச்சர், நீங்க கடற்கரையில பாவிக்கிறீங்கள். ஒருக்காக் கொண்டு வாங்கோ, திறந்து பாக்கோணும். காசு வேண்டாம்."

காசு வேண்டாமா? நம்மூரில் காசு வேண்டாம் என்று எதைக் கொடுத்திருக்கிறார்கள்? சும்மா கிடைத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நான் பல்லைத்தான் முதலில் பார்ப்பேன். ஆனாலும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்று எனக்கு வகுப்பு இருந்ததால் நிற்க முடியவில்லை. பின்னேரம் எடுக்கப் போனபோது, உப்புக் காற்றுப் பட்டு ஆணிகளில் பச்சை பிடிக்கத் தொடங்கியிருக்கிறது, துடைத்துவிட்டேன், ஜன்னலோரம் வைக்காதீர்கள் என்றார். பொட்டெல்லாம் உடைந்திருந்தது. திறந்தால் உடையத்தானே வேண்டும். வீட்டில் வெள்ளை மை காய்ந்துபோயிருந்தது, திரும்ப வைக்கவில்லை. சோறு போடும்போது கணவரிடம் விஷயத்தைச் சொன்னேன். உப்புக் காற்று லெப்டொப்புக்குள்ளும் போகுதாம் என்று சொன்னேன். அவர் ம் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

இரண்டு நாள் லெப்டொப்பைத் தொடவில்லை. மூன்றாம் நாள் திறந்தால் பழையபடி ஊர்கிறது. கணினியின் விவரப் பக்கத்தைப் பார்த்தேன். நாலு ஜிபி. புது அலுமாரியைக் காணவே இல்லை. என் வினாத்தாள்கள், புள்ளிகள், எல்லாவற்றோடும் அது போய்விட்டது. வாங்கிய அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

எனக்கு முதலில் ஆத்திரம் வந்தது. அதற்குப் பிறகு, உண்மையைச் சொன்னால், ஒரு திருப்தியும் வந்தது. காசு வேண்டாம் என்ற சொல்லை நான் அப்போதே பிடித்தேனே! முதல் தடவை நான் நின்றேன், சரியாகப் பூட்டினார். இரண்டாம் தடவை நான் நிற்கவில்லை, இரண்டையும் கழற்றிக்கொண்டார். ஒரு சாமானை இரண்டு பேருக்கு விற்கிற வித்தை. வழி காட்டியாகிவிட்டது, விடையும் வந்துவிட்டது.

கணவர் அப்போது வாசலில் வலை பிரித்துக்கொண்டிருந்தார். நான் கத்திய கத்தலுக்கு அவர் தலை நிமிரவில்லை. கேட்டுப் பார்த்தால் என்ன, என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். களவெடுத்தவரிடமே போய்க் களவைப் பற்றிக் கேட்பதா? கேட்டால் உள்ளே கொண்டுபோய் இரண்டையும் திரும்பப் பூட்டிவிட்டு, "இருக்குத்தானே டீச்சர்" என்று முகத்துக்கு நேரே சொல்வார். நான் அவரைக் கேட்கவில்லை. அதுதான் நான் செய்த முதல் பிழை.

அவரைக் கள்ளன் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. இது சத்தியம். அடுத்த நாள் ஆசிரியர் அறையில் ஒருவர் தன் லெப்டொப்பை அங்கே கொடுக்கப் போவதாகச் சொன்னார். "கவனம்" என்றேன். ஏன் என்று கேட்டார்கள். "ஒண்டுமில்ல, பக்கத்திலேயே நிண்டு செய்விச்சு எடுங்க" என்றேன். வியாழக்கிழமை பெண்கள் கூடுகிற இடத்தில் ஒருத்தி போனைப் பற்றிக் கேட்டாள். அவளிடமும் கவனம் என்றேன். கள்ளன் என்று சொல்லியிருந்தால் ஆதாரம் கேட்டிருப்பார்கள். கவனம் என்ற சொல்லுக்கு யாரும் ஆதாரம் கேட்பதில்லை. மிச்சத்தை அவர்களே வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைத்துக்கொள்வார்கள்.

அதிபர் என்னைக் கூப்பிட்டார். "டீச்சர், அந்தப் பன்னிரண்டையும் அவருக்குக் குடுக்கலாமா?" என்று கேட்டார். நான் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றேன். கதைத்திருந்தால்கூட அவ்வளவு பாதிப்பு வந்திருக்காது. பிறகு, "கவனமாப் பாத்துச் செய்ங்க சேர்" என்றேன். அந்த வேலை கொழும்பிலிருந்து வரும் ஒரு கூட்டத்தாருக்குப் போயிற்று.

ஆனாலும் எனக்கு அடங்கவில்லை. நடுவில் நிற்கிற ஒருவர் திறந்து பார்த்து, உள்ளே ஒன்றும் இல்லை என்று எழுதித் தரவேண்டும். அந்தக் கடிதத்தோடு போய் அவர் முன்னால் நிற்க வேண்டும். உள்ளூரில் யாரையும் நம்ப முடியாது, ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். சிலாபத்தில் ஒரு கடையை விசாரித்து வைத்தேன். அடுத்த சனிக்கிழமை கணவரையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். தலவில அன்னம்மாள் கோயில் திருநாள் நாட்கள் அவை. எதிரே வந்த பஸ்களெல்லாம் கூரை வரைக்கும் ஆளும் பாயும் சட்டியுமாகப் போய்க்கொண்டிருந்தன. எங்கள் பஸ்ஸில் இடம் தாராளம். கணவர் ஜன்னலோரம் இருந்து ஒரு சொல் கதைக்கவில்லை. வலை அறுந்தாலும் எஞ்சின் நின்றாலும் ஓயாத வாய் அது. எனக்கு அதிலும் சந்தேகம் வந்தது. இந்த மனிதர் அந்தக் கடைக்காரருக்கு இரக்கப்படுகிறாரோ என்று நினைத்தேன்.

சிலாபத்துக் கடைக்காரர் சிங்களவர், நிதானமான ஆள். நான் சிங்களத்தில் விஷயத்தை முழுக்கச் சொல்லும் வரை கேட்டார். பிறகு அடிமூடியைக் கழற்றினார். உள்ளே பார்த்தார். மூக்கைக் கிட்டக் கொண்டுபோனார். விரலால் தொட்டு விளக்கில் பிடித்தார். விரல் நுனி நீலமாகப் பளபளத்தது.

"மிஸ், இது படகில் பூட்டுகிற லெப்டொப்பா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

ரெம் இருந்த இடத்தில் இருந்தது. எஸ்எஸ்டியும் இருந்த இடத்தில் இருந்தது. பற்றுச்சீட்டில் எழுதிய அதே இலக்கங்கள். இரண்டின் பொன்னிறப் பற்களிலும், அவை போய்க் கௌவுகிற வாயிலும், பாணுக்கு மாஜரின் பூசியதுபோலக் கிறீஸ் அப்பியிருந்தது. தொடர்பு விட்டுப்போனால் கணினிக்கு அவை இருப்பதே தெரியாது என்று அவர் விளக்கினார். நான் பாதிதான் கேட்டேன். அந்த நீலம் எனக்குத் தெரியும். குசினிக்குப் பின்னால் ஒரு டின் நிறைய இருக்கிறது. என் கணவரின் நகக்கண்ணில் எந்த நாளும் இருக்கிறது.

திரும்பிப் பார்த்தேன். அவர் கடையின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் பக்கத்தில் இதெல்லாம் பாடம் சொல்லித் தருகிற விஷயமில்லை. கடலால் வந்தால் எஞ்சினை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும், துடைக்க வேண்டும், மின்சாரம் ஓடுகிற பல்லெல்லாவற்றுக்கும் கிறீஸ் பூச வேண்டும். பூசாவிட்டால் உப்பு தின்றுவிடும். எஞ்சின் மட்டுமில்லை, கேற்றுக் கொண்டிக்குப் பூசுவார்கள், சைக்கிளுக்குப் பூசுவார்கள், தொலைக்காட்சி அன்டனாவின் மூட்டுக்கும் பூசுவார்கள். உப்புக் காற்று உள்ளே போகுதாம் என்று நான் சோறு போடும்போது சொன்னேன். அவர் கேட்டார், அடுத்த நாள் நான் பாடசாலைக்குப் போன பிறகு அடிமூடியைக் கழற்றிச் செய்ய வேண்டியதைச் செய்தார். அவ்வளவுதான். தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் விட்டதற்கு அல்ஹம்துலில்லாஹ்.

கிறீஸைத் துடைத்துப் பூட்டியதும் எட்டு ஜிபியும் என் வினாத்தாள்களும் திரும்பி வந்தன. கடைக்கு வெளியே வந்து, "ஏன் சொல்லல்ல?" என்று கேட்டேன்.

"நல்லதுக்குத்தானே பூசின."

"பூசினது சரி. நான் அந்த மனுசன ஏசக்குள்ள ஏன் சொல்லல்ல?"

அவர் வீதியைப் பார்த்தார். "நீ ஏசத் தொடங்கினாப் பொறகு எப்பிடிச் சொல்ற? அண்டைக்குச் சொல்லியிருந்தா எனக்கு ஏச்சு. ரெண்டு நாள் போனா இன்னும் கூட ஏச்சு. பொறகு நீ அதிபர்ட சொல்லிட்டு வந்த. அதுக்குப் பொறகு பயம்."

இருபது வருடம் ஒரே வீட்டில் இருக்கிற மனிதருக்கு, என்னிடம் ஒரு சின்ன உண்மையைச் சொல்லப் பயம். ஊரில் எல்லாரையும் சோதித்தேன். என் வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதை ஒரு நாளும் பார்க்கவில்லை. பஸ்ஸில் வரும்போது நான்தான் ஜன்னலோரம் இருந்தேன், நான்தான் கதைக்கவில்லை.

திங்கட்கிழமை உண்மையைச் சொல்லத் தொடங்கினேன். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்பது தெரியும். ஆனாலும் ஒரு கொத்தாவது அள்ளலாம் என்று நினைத்தேன். முதலில் அதிபரிடம் போனேன். கிறீஸ் கதையை முழுக்கச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவர் ஒங்கட வீட்டுக்கு வந்து கெஞ்சினாரா டீச்சர்?" என்றார். இல்லை என்றேன். "ஒங்களுக்கு இரக்க மனசு" என்றார். கொழும்பு ஆட்கள் ஏற்கனவே கணினிகளை ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள்.

ஆசிரியர் அறையில், "என்னத்தப் போட்டுத் தந்தாரு, சும்மாவா?" என்று ஒருவர் சிரித்தார். வியாழக்கிழமைக் கூட்டத்தில் சொன்னபோது ஒருத்தி யோசித்து யோசித்து, "கிறீஸையும் அந்தாளே பூசியிருப்பாரு. ஒங்கட மாப்புளட தலயில பழியப் போட" என்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். கணவர் தானே ஒப்புக்கொண்டார் என்றேன். "பாவம், அவரு ஒங்களுக்குப் பயத்தில ஒப்புக்கொண்டிருப்பாரு" என்றாள். அவள் போட்ட கணக்கில் எனக்கு ஒரு வழி கூடப் பிழையாகத் தெரியவில்லை. அப்படித்தான் நானும் போட்டேன். கவனம் என்ற ஒரு சொல்லை உடனே நம்பியவர்கள், நூறு சொல் சொல்லியும் என்னை நம்பவில்லை. எனக்கு அழுகை வந்தது. அங்கேயே அழுதேன். அதையும் எப்படி எடுத்துக்கொண்டார்களோ தெரியாது.

கடைசியாகக் கடைக்குப் போனோம், நானும் கணவரும். போகும் வழியில் ஒரு யோசனை வைத்திருந்தேன். மன்னிப்புக் கேட்பேன். பிறகு லெப்டொப்பை அவர் கையில் கொடுத்து, நீங்கள் போட்ட நாலு ஜிபியை எடுத்துவிட்டு எட்டு ஜிபி போட்டுத் தாருங்கள் என்பேன். பக்கத்தில் நிற்காமல் போய்விடுவேன். ஊர் அதைப் பார்க்கட்டும்.

கடையில் ஒரு பெண் இருந்தாள், மேசைக்கு இந்தப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் கதிரையில். முன்பு அங்கே கதிரை கிடையாது. அவளுடைய போன் மேசையில் திறந்து கிடந்தது. என்னை அவளுக்குத் தெரியும், அவளுடைய மகள் என் வகுப்பு. அவள் முன்னாலேயே சொன்னேன், அவளும் கேட்கட்டும் என்றுதான் சொன்னேன். சிலாபத்தில் திறந்து பார்த்ததையும் சொன்னேன். நான் பிழையாக நினைத்தேன், பிழையாகச் சொன்னேன், நீங்கள் ஒன்றும் செய்யவில்லை, என்னை மன்னியுங்கள். கணவரும் தலையைக் குனிந்துகொண்டு, "பூசினது நான்தான் தம்பி" என்றார்.

அவர் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். முகத்தில் கோபம் இல்லை. "தெரியும் டீச்சர். ஆர் சொன்னது எண்டு அப்பவே வந்து சொன்னவை."

"ஏன் என்ட வந்து கேக்கல்ல?"

"வந்து என்னெண்டு கேக்கிறது? நான் களவெடுக்கேல்லை எண்டா? அப்பிடிக் கேட்டுக்கொண்டு வாறவனை நீங்க நம்பியிருப்பியளோ?"

லெப்டொப்பை எடுத்து மேசையில் வைத்தேன். எட்டு ஜிபி போட வேண்டும், விட்டுவிட்டுப் போகிறேன், எப்போது வேண்டுமானாலும் செய்து தாருங்கள் என்றேன். அவர் அதைத் திறக்கவில்லை. இரண்டு கையாலும் எடுத்து, மரியாதையாக என் பக்கம் திருப்பி வைத்தார். ஒரு சின்னத் தாளில் எந்த வகை ரெம், எந்த வேகம் என்று எழுதி அதன் மேல் வைத்தார்.

"இதைச் சிலாபத்தில குடுங்கோ, போட்டுத் தருவினம். உங்கட சாமானில நான் இனிக் கை வைக்கமாட்டன் டீச்சர். குறை நினைக்காதேங்கோ. எனக்குப் பயமாக் கிடக்கு."

நான் மேசைக்கு முன்னால் அப்படியே நின்றேன். அவர் திருப்புளியை எடுத்துக்கொண்டு அந்தப் பெண்ணின் போனில் குனிந்தார்.

கதிரையில் இருந்தவள் கழுத்தை இப்படியும் அப்படியும் எட்டிப் பார்த்தாள். பிறகு என் முந்தானையை மெல்லத் தொட்டாள்.

"டீச்சர், கொஞ்சம் அங்கால நில்லுங்க. அவர்ட கை எனக்குத் தெரியுதில்ல."

நான் ஒதுங்கி நின்றேன்.